கருப்புக் கையுறை

உள்ளறையிலிருந்து பத்தூலின் முதுகு தேய்க்கும் கையுறைச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ரக் என்று ஒரு இழுப்பு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் ஸ்ஸ்ரக். நடுவில் வாளியில் தண்ணீர் மொள்ளும் ஓசை, யாரோ ஒரு கிழவி சுகமாக முனகும் ஓசை. வாசலறை மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து துவாலை மடித்துக்கொண்டிருந்த கல்தூம், அந்தச் சத்தத்தைக் காதாலேயே அளந்து பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். பழைய பத்தூல் திரும்பி வந்துவிட்டாள். நடுவில் நாலு மாதம் என்ன கண்ணேறு பட்டதோ, அது கழிந்துபோயிற்று.

மெக்னஸ் நகரத்தின் பழைய பகுதியில், ரொட்டிச் சூளைக்கு ஒட்டினாற்போல் இருக்கிற அந்த ஹம்மாமில், அதாவது பொதுக் குளியல்கூடத்தில், பெண்களுக்கு முதுகு தேய்ப்பது பத்தூலின் தொழில். ஐம்பத்தோரு வயது. தோள் அகலம், பாதம் மட்டும் சிறுமியினுடையதுபோல் சின்னது. யாரையும் முகத்தை வைத்து அவளுக்குத் தெரியாது. இடது தோள் இறங்கினவள், இடுப்பில் மச்சக்காரி, மூன்று பிள்ளை பெற்ற முதுகு என்றுதான் கணக்கு. கடைத்தெருவில் யாராவது சலாம் சொல்லி, மரியாதையாக 'லல்லா' சேர்த்து, "என்ன லல்லா பத்தூல், என்னைத் தெரியலையா?" என்று குறைப்பட்டால், "துணி போட்டுக்கிட்டு வந்து நின்னா எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்பாள். காய்கறிக்காரன் காதில் விழுமே என்ற கவலையெல்லாம் கிடையாது.

கதவை இடுப்பால் இடித்துத் திறப்பாள். குழாயை முழங்கையால் திருகுவாள். சோப்பு டப்பாவின் மூடியைப் பல்லால் கழற்றுவாள். தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கையேந்தி துஆ கேட்பவள் மாதிரி தூக்கிக் குடிப்பாள். புதிதாக வருகிறவர்கள் இவள் ஏதோ கோணங்கி என்று நினைத்துச் சிரிப்பார்கள். விரல் மடங்காது, அதனால்தான் என்று கல்தூமுக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த நோய் அது. முதலில் இரண்டு கட்டைவிரல், அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் எல்லாம். விடியும்போது விரல்கள் விறகுக் குச்சிபோல் விறைத்துக் கிடக்கும். "எலும்புல ஈரம் இறங்கிடுச்சு, எல்லாம் இந்த ஹம்மாம் ஈரம்" என்று தெருவே தீர்ப்புச் சொல்லிற்று. கோடையில் பாலைவனத்துக்குப் போய், சுடுமணலில் கழுத்து வரை புதைந்து கிடந்துவிட்டு வந்தாள், இரண்டு வருஷம். மணலில் போன ஈரம் மழைக்காலத்தில் திரும்பி வந்தது. ஈரமுமில்லை, ஒன்றுமில்லை, இது உடம்பே தன் மூட்டைத் தின்கிற வாதம் என்று அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். பத்தூல் அதற்கு 'குடித்தனக்காரி' என்று பேர் வைத்தாள். "குடித்தனக்காரி எழுந்துட்டா", "குடித்தனக்காரி இன்னிக்குப் பாத்திரம் உருட்டுறா." அப்படித்தான் சொல்வாளே தவிர, வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லிக் கல்தூம் கேட்டதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், நோய் வந்த பிறகுதான் பத்தூலுக்குப் பேர் வந்தது. அவள் கை அப்படி லேசாகிவிட்டது. பிரசவித்து நாற்பது நாளான பெண்கள், தோல் காகிதமாகிவிட்ட கிழவிகள், கல்யாணத்துக்கு முன்தினம் உடம்பில் ஒரு கீறல் விழக்கூடாதென்று பயப்படும் மணப்பெண்கள், எல்லோரும் "பத்தூல் கை வேணும்" என்று வரிசை கட்டினார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முதுகு. வெந்நீர் அறையின் சூட்டில் அவள் விரலும் கொஞ்சம் இளகும். "வெளியில கல்லு, உள்ள வந்தா கை. என்னைப் படைச்சவன் என்னை இங்கதான் வெச்சிருக்கணும்" என்பாள்.

இரவில் இளக எது இருக்கிறது? அவளுக்கும் கல்தூமுக்கும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறை. நடுவில் ஒரு சுவர். மூன்று மணிக்கு மேல் பத்தூலுக்குத் தூக்கம் கிடையாது. உட்காருவாள், நடப்பாள், கையைப் போர்வைக்குள் சுருட்டிக்கொள்வாள். விடியற்காலை பாங்கு சொல்லி முடிந்ததும் முழங்கையால் சுவரில் மூன்று தட்டு. அதுதான் கல்தூமுக்கு எழும் நேரம். ஆறு மணிக்கு ஹம்மாம் கதவு திறந்தாக வேண்டும். ஆறு வருஷமாகக் கல்தூம் கடிகாரத்தில் மணி வைத்ததே இல்லை. பேசும் சுவர் இருக்கும்போது ஓடும் கடிகாரம் எதற்கு?

போன இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து புது ஊசி வந்தது. பேனா மாதிரி இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒன்று, வியாழக்கிழமை. குளிரில் இருக்க வேண்டும் என்பதால், வாசலறையில் மோரும் ஆரஞ்சும் வைக்கும் சின்னக் குளிர்பெட்டியில், பழைய வெண்ணெய் டப்பாவுக்குள் அதற்கு இடம். பத்தூல் டப்பாவை எடுத்துக்கொண்டு மூலையறைக்குப் போவாள், வருவாள். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே கல்தூமுக்கு மயக்கம். அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

இரண்டாவது மாதம் பத்தூல் தூங்க ஆரம்பித்தாள். தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம். பாங்கும் தெரியாது, பக்கத்துச் சூளையில் விறகு பிளப்பதும் தெரியாது. சுவர் ஊமையாகிவிட்டது. முதல் வாரத்திலேயே இரண்டு தடவை ஹம்மாம் ஏழரைக்குத் திறந்தது. வாசலில் வாளியும் பாயுமாக நின்ற பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். முதலாளி தனியாகச் சொன்னார்.

"நீ தூங்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எனக்குச் சோறு போயிடும் போலிருக்குடி" என்று கல்தூம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பத்தூலும் சிரித்தாள். "என்ன பண்ண, குடித்தனக்காரி பொறந்த வீட்டுக்குப் போயிட்டா."

மூன்றாவது மாதம் விரல் மடங்கிற்று. பத்தூல் ஒரு ஆரஞ்சைக் கையாலேயே உரித்து, சுளை சுளையாகக் கல்தூமின் வாயில் வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். அதற்கு மறுவாரம் முதல் புகார் வந்தது. ஒரு மணப்பெண்ணின் தாய், மகளின் தோளில் சிவந்த கோடுகளைக் காட்டி, "இது முதுகா, உழுத நிலமா?" என்று கேட்டாள். அப்புறம் ஒருத்தி. அப்புறம் மூன்று பேர். உள்ளறையிலிருந்து வந்த சத்தமே மாறிவிட்டது. ஸ்ரக் ஸ்ரக் ஸ்ரக் என்று மரம் இழைப்பதுபோல் மூச்சுவிடாமல் வரும். பன்னிரண்டு முதுகு எட்டாயிற்று, எட்டு ஆறாயிற்று. முதலாளி, வேறு ஹம்மாமிலிருந்து ஒரு இளம் பெண்ணைக் கொண்டுவரலாமா என்று யோசிப்பதாகச் செய்தி வந்தது.

அன்றைக்குக் கல்தூமின் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "உன் கையா அது? பட்டாளத்துக் கையாயிடுச்சுடி. அந்தப் பழைய கையை எங்க தொலைச்சே?" என்று கேட்டுவிட்டாள். பத்தூல் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாருடைய பிள்ளைகள் இவை என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பத்து நாளைக்கு முன்னால், விடியற்காலையில், சுவரில் மூன்று தட்டு. படுக்கையிலிருந்தே கல்தூமுக்கு வாயெல்லாம் பல். எழுந்தாள், புதினாத் தேநீர் போட்டாள், ஆறு அடிக்குமுன் கதவைத் திறந்தாள். அன்றைக்கு உள்ளறைச் சத்தமும் பழையபடி இறங்கியிருந்தது. எரிச்சல் தாங்காமல் விட்டுப் போன பழைய வாடிக்கைக்காரி, கிழவி ஹாஜ்ஜா மன்னானா எப்படியோ கேள்விப்பட்டுத் திரும்பி வந்தாள். இப்போது உள்ளே சுகமாக முனகிக்கொண்டிருப்பதும் அவள்தான்.

கல்தூம் கடைசித் துவாலையை மடித்தபோது கதவு திறந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் நிஸ்ரீன். பருவப்பெண் முகம், கையில் தாள் செருகிய ஒரு அட்டை.

"லல்லா பத்தூல் இருக்காங்களா? புது டப்பா வாங்க வரவே இல்ல. போனும் எடுக்கல. டாக்டர் நேர்ல பாத்துட்டு வரச் சொன்னாரு."

கல்தூம் குரல் கொடுக்க, பத்தூல் வந்தாள். நெஞ்சு வரை கட்டிய ஈரத் துணி, தலையில் முடிச்சிட்ட ஆரஞ்சு நிறக் கைக்குட்டை. ஈரக் கருப்புக் கையுறையைப் பல்லால் கடித்து உருவி மேடைமேல் போட்டாள். நர்ஸைப் பார்த்ததும் அவள் முகம், பாடம் படிக்காத பிள்ளையின் முகம்போல் ஆயிற்று.

"கேள்வித்தாள் மட்டும் எழுதிட்டுப் போயிடறேன்" என்றாள் நிஸ்ரீன். "அடுத்த மாசக் கடைசியில கமிட்டி உக்காருது. இதப் பாத்துத்தான் மருந்து தொடர்ந்து குடுப்பாங்க. போன ஏழு நாள்ல, நோவால எத்தனை மணி நேரம் வேலைக்கு வரல?"

"வராம எங்க போறது மகளே? வீட்டுல குளிரு. இங்க வந்தாத்தான் விரலு அவுருது."

"அப்ப பூஜ்யம். நல்லது. நோவு உங்க வேலைய எவ்வளவு கெடுத்துச்சு? ஒண்ணுமே கெடுக்கலன்னா பூஜ்யம், வேலையே செய்ய முடியலன்னா பத்து."

பத்தூல் யோசித்தாள். "நோவு கெடுக்கல. உன் மருந்துதான் கெடுத்துச்சு."

நிஸ்ரீனின் பேனா நின்றது. "என்ன சொல்றீங்க?"

"நோவு இருந்தப்போ ஒரு நாளைக்குப் பன்னெண்டு பொம்பளைங்க. மருந்து போட்டேன், கை நல்லாச்சு, ஆறு பேரு. இப்ப பத்து நாளா மறுபடி பன்னெண்டு. நீ படிச்சவ. இதுக்கு என்ன நம்பரோ, அதப் போடு."

"அதுக்கு இதுல எடமில்லையே" என்று நிஸ்ரீன் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் இல்லை. "சரி, தூக்கம்? ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வருது?"

"எந்த ராத்திரி? மருந்து போட்ட ராத்திரியா, போடாத ராத்திரியா?"

நிஸ்ரீன் மெதுவாகக் கேட்டாள். "போடறதில்லையா?"

பத்தூல் குளிர்பெட்டியைப் பார்த்தாள். கல்தூம் எழுந்துபோய், வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த வெண்ணெய் டப்பாவைத் திறந்தாள். உறை பிரிக்காத இரண்டு பேனாக்கள், தொட்டிலில் படுத்த இரட்டைக் குழந்தைகள்போல் கிடந்தன.

கல்தூம் விரல் விட்டு எண்ணினாள். பத்து நாள். பத்து விடியற்காலை. அந்தத் தட்டலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு எழுந்தாளே, தேநீர் போட்டாளே. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒரு தடவையாவது நினைத்தாளா? ஆறு வருஷமாக அவள் எழுந்தது கடிகாரத்தால் அல்ல, இன்னொருத்தியின் வலியால். அது நின்றபோது இவள் குறைப்பட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "எதுக்குடி இப்படிப் பண்ணே?"

"பழைய கை எங்கேன்னு நீதானே கேட்டே" என்றாள் பத்தூல், கோபமே இல்லாமல். "தேடிப் பாத்தேன். அது அந்தக் குடித்தனக்காரி கைதான். அவளைக் கூப்பிட்டாத்தான் வருது. கூப்பிட்டேன். வேலை போயிடுச்சுன்னா நல்ல கையை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணுவேன், ஆரஞ்சு உரிப்பேனா?"

உள்கதவு திறந்தது. துவாலைக்குள் வேகவைத்த பீட்ரூட் மாதிரி ஹாஜ்ஜா மன்னானா வந்தாள். "நான் பாதி முதுகோட எவ்வளவு நேரம் குந்தியிருக்கிறது? இங்க என்ன, யாரும் செத்துட்டாங்களா?"

கல்தூம் சொன்னாள். அழுகையும் பேச்சும் கலந்து சொன்னாள். கிழவி நின்றபடியே கேட்டு முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்போ இவ நல்லாயிருந்தா எனக்கு முதுகு எரியுது. இவ நோவுல கெடந்தா எனக்குச் சொகமா இருக்கு. அப்படியா?" துவாலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இதுக்கு நான் என்னன்னு துஆ கேக்கறது? நாளைக்கு அல்லாஹ் கேப்பானே, மன்னானா, உனக்கு எது வேணும்னு. நான் என்னத்தச் சொல்ல?"

நிஸ்ரீன் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், மேடையில் கிடந்த ஈரக் கையுறையை எடுத்து மாட்டி, தன் மணிக்கட்டில் ஒரு இழுப்பு இழுத்தாள். சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தோலில் சிவப்பாக ஒரு பட்டை எழுந்தது.

"இது என்ன, பாத்திரம் தேய்க்கறதா?"

"அது கருப்பு" என்றாள் பத்தூல். "உள்ளதுலேயே முரடு. மொதல்ல நானும் வெள்ளைதான் வெச்சிருந்தேன். விரல்ல பிடி போன பெறகு, வெள்ளையில எத்தனை தேய்ச்சாலும் அழுக்கு உருளல. அதான் இதுக்கு மாறினேன். கை செய்யாததைக் கையுறை செய்யட்டும்னு."

"எப்ப மாறினீங்க?"

"குடித்தனக்காரி வந்த வருஷம்."

நிஸ்ரீன் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஹாஜ்ஜா நிஸ்ரீனைப் பார்த்தாள். கல்தூம் தன் தலைக்கு மேலே, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த கையுறைகளைப் பார்த்தாள். வெள்ளை, மஞ்சள், பழுப்பு, கருப்பு. விற்பவள் அவள்தான். ஒவ்வொரு மாதமும், "கருப்புதானே? இந்தா" என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். கை குணமான மாதமும் கருப்பையே கொடுத்தாள்.

"பத்தூல், ஒருவேளை கெடுத்தது கையில்ல, இந்தக் கருப்புதானோ..." என்று ஆரம்பித்தாள் கல்தூம்.

"தெரியலடி" என்றாள் பத்தூல் வேகமாக. "இருக்கலாம். இல்லாமலும் போகலாம். ஆறு வருஷமா இருக்கற பலத்தையெல்லாம் போட்டு அழுத்தியே பழகிட்டேன். லேசா அழுத்தறது எப்படின்னு மறந்தே போச்சு. அது ஊசியில வருமா?"

"என் முதுகு இருக்கு" என்றாள் ஹாஜ்ஜா மன்னானா. "பழகிக்கோ. எரிஞ்சா கத்தறேன். எனக்குத் தொண்டைக்கு ஒண்ணும் நோவு இல்ல."

நிஸ்ரீன் ஓரமாகப் போய் டாக்டருக்குப் போன் பண்ணினாள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, புண் ஏதாவது உண்டா என்று கேட்டு, பத்தூல் இல்லை இல்லை என்றதை அப்படியே சொல்லி, பேனா உறைமேல் எழுதியிருந்த தேதியையும் படித்துச் சொன்னாள். திரும்பி வந்து ஒரு பேனாவை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"இன்னிக்கே போட்டுக்கச் சொன்னாரு. அப்புறம் பழையபடி பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு. இனிமே விட்டீங்கன்னா கமிட்டியில ஃபைலை மூடிடுவாங்க, அப்புறம் அவராலயும் தொறக்க முடியாது. அரை மணி நேரம் வெளியில இருக்கட்டும். வெந்நீர்ல வெச்சுடாதீங்க, அது பாட்டுக்குக் குளிர் போகட்டும்." கேள்வித்தாளை அட்டையிலிருந்து உருவி மேடையில் வைத்தாள். "இதை அடுத்த மாசம் எழுதுவோம். நீங்க இன்னிக்குச் சொன்னதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு நான் டாக்டரையே கேட்டுப் பாக்கறேன்."

"அவருக்கு மட்டும் தெரியுமா?" என்றாள் பத்தூல்.

"தெரியாதுன்னுதான் நினைக்கறேன்" என்று நிஸ்ரீன் ஒப்புக்கொண்டாள்.

ஹாஜ்ஜா மன்னானா, மீதி முதுகு தேய்க்காமல் வீட்டுக்குப் போவதாயில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வெந்நீர் அறைக்குத் திரும்பினாள். கல்தூம் நர்ஸை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, வழியில் தின்ன இரண்டு ஆரஞ்சுகளை அவள் பைக்குள் திணித்தாள். போகிற வழியில் கடிகாரக் கடை திறந்திருக்குமா என்று கேட்டாள். திறந்திருக்கும் என்றாள் நிஸ்ரீன். கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்ட அந்தக் கனத்த கதவு, நிஸ்ரீன் முதுகுக்குப் பின்னால் தானாக நகர்ந்து, தடாரென்று மூடிக்கொண்டது.

கல்தூம் திரும்பிப் பார்த்தபோது, பத்தூல் குதிகாலை உயர்த்தி, விறைத்த விரல்களால் இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை ஆணியிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்துவிட்டிருந்தாள். அதை மாட்டிக்கொள்ளவில்லை. மேடையில் கிடந்த பேனாவை எடுத்து அதற்குள் நழுவவிட்டு, கையுறையின் வாயை மடித்து மூடி, தூங்கும் பிள்ளையை வைப்பதுபோல் மேடைமேல் வைத்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, அது குளிர் போகக் காத்திருந்தாள்.